பங்களாதேஷ் கிழங்கா, சீனா கிழங்கா? விரதம் முழுக்கச் சமைத்துப் பார்த்துச் சொல்கிறேன்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு கடைக்குப் போகலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிரட்டலோ பொடிமாஸோ செய்யப் போகிறீர்கள் என்றால், மண்ணோடு கோணிச்சாக்கில் கிடக்கும் பங்களாதேஷ் உருளைக்கிழங்கை வாங்குங்கள். பருப்புக் கறிக்கு என்றால் சீனா கிழங்கு. பிள்ளைகள் மசித்துக் கேட்டால் மட்டும் அமெரிக்கா ரசெட், அதுவும் இரண்டு மூன்று போதும். கழுவித் துடைத்துப் பளபளவென்று வலைப்பையில் போட்டுக் குளிர்பெட்டிக்குள் அடுக்கியிருப்பதை மட்டும் எதற்கும் வாங்காதீர்கள். ஏன் என்று கேட்கிறவர்கள் தொடர்ந்து படிக்கலாம், கொஞ்சம் நீளம்தான்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. நான் ஒரு தோட்ட ஆபீஸில் கிராணி (குமாஸ்தா). ஐந்து மணிக்கு வேலை முடிந்து, மோட்டாரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து, குளித்து, சாமி விளக்கு ஏற்றி, அடுப்படிக்குள் நுழையும்போது ஆறேகால் ஆகிவிடும். ஏழரைக்குள் தட்டு வரவில்லை என்றால் சின்னவள் பிஸ்கட் டின்னைத் திறந்துவிடுவாள், அப்புறம் சோறு இறங்காது. இந்த வருஷம் வீட்டுக்காரர் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டுதல் வைத்திருந்தார். 48 நாள் விரதம், வீடே சைவம். வெங்காயம் பூண்டுக்கு எங்கள் வீட்டில் தடை இல்லை, ஆனால் அவருக்கு ஒரு நாளைக்கு ஒரே வேளைதான் சாப்பாடு, அதுவும் ராத்திரியில். அந்த ஒரு வேளை சரியாக அமையவில்லை என்றால் அந்த மனுஷனுக்கு அன்றைய நாளே போச்சு.

48 ராத்திரிக்கு என்ன சமைப்பது? கீரை, சாம்பார், தவ்பூ (சோயாக்கட்டி), மறுபடியும் கீரை. கடைசியில் எல்லாம் சுற்றி வந்து நிற்பது உருளைக்கிழங்கில்தான். அத்தை (என் மாமியார்) வாயில் எப்போதும் ஒரு வார்த்தை உண்டு, "வீட்டுல கிழங்கு இருந்தா விருந்தாளிக்குப் பயப்பட வேண்டாம்" என்று. பயப்பட வேண்டியது கிழங்குக்குத்தான் என்று முதல் வாரமே தெரிந்துபோனது.

சம்பளம் வந்த சனிக்கிழமை, மாதச் சாமான் வாங்க ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தோம். பெயர் வேண்டாம். அங்கே முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் இருக்கும் குளிர்பெட்டியிலேயே உருளைக்கிழங்கும் இருந்தது. இரண்டு கிலோ வலைப்பை, 9 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. தோலில் ஒரு பொட்டு மண் கிடையாது, எல்லாம் ஒரே அளவு, பார்த்தாலே கை போகும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வறுவல் போட்டேன். எண்ணெயில் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே ஓரமெல்லாம் கருக்க ஆரம்பித்துவிட்டது, கடித்துப் பார்த்தால் உள்ளே இன்னும் நறுக்கென்று இருக்கிறது. தீயைக் குறைத்தால் எண்ணெயைக் குடிக்கிறது. சரி, இதற்கு மேல் முடியாது என்று எடுத்துத் தட்டில் வைத்தால், ஒரு அசட்டுத் தித்திப்பு வேறு. வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "சர்க்கரைவள்ளியா?" என்று கேட்டார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து சாப்பிட உட்கார்ந்தவர். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

காரணம் குளிர்தான். உருளைக்கிழங்கு நாலைந்து டிகிரிக் குளிரில் நாள் கணக்கில் கிடந்தால் அதிலுள்ள மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். சர்க்கரை ஏறிய கிழங்கைக் கொதிக்கிற எண்ணெயில் போட்டால், உள்ளே வேகும் முன்பே மேலே நிறம் பிடித்துக் கருகும். பழியை முழுக்கக் கடையின் மேல் போடவும் முடியாது, நானும்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ்பெட்டியின் அடித்தட்டில் வைத்தேன், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் வைக்கிறேன். மீதிக் கிழங்கை ஒரு பேப்பர் பையில் போட்டு அலமாரிக்குள் பத்து நாள் விட்டுப் பார்த்தேன். தித்திப்பு பாதிக்கு மேல் போய்விட்டது, வெளியில் வைத்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு திரும்பவும் மாவாகிவிடுமாம். ஆனால் இரண்டு கிழங்கு முளை விட்டுவிட்டது. அந்த முளைவிட்ட கதை அப்புறம் வருகிறது.

அடுத்த திங்கட்கிழமை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சீனர் மளிகைக்கடைக்குப் போனேன். தோட்டத்து ஆட்களுக்குச் சாமான் கொடுத்துக் கொடுத்தே தமிழ் பழகிய தவுக்கே (கடை முதலாளி), நான் மலாயில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறவர். கடையின் பின்பக்கம், அரிசி மூட்டைகளுக்கு அந்தாண்டை, லைட் எட்டாத மூலையில் மூன்று நான்கு சாக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். "தவுக்கே, இது எந்த ஊர் கிழங்கு?" என்று கேட்டேன். "இது பங்களா, புதுசு. அது சீனா. அந்தப் பெட்டியில இருக்கிறது அமெரிக்கா. நீ கறி வைக்கப் போறியா, மசிக்கப் போறியா தங்கச்சி?" என்றார். இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் எந்தப் பேரங்காடியிலும் யாரும் என்னிடம் கேட்டது கிடையாது. அங்கே கேட்க ஆளும் இல்லை.

அன்றைக்கு விலை: பங்களாதேஷ் கிலோ 2 வெள்ளி 60 காசு, சீனா 3 வெள்ளி 20 காசு, ஹாலந்து 4 வெள்ளி 50 காசு, ரசெட் 6 வெள்ளி 90 காசு. எல்லாவற்றிலும் ஒரு கிலோ போடச் சொன்னேன். தவுக்கே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

நம் ஊரில் கிழங்கு விற்பது நாட்டின் பெயரில்தான், ரகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது, ரசெட் ஒன்றைத் தவிர. ஏனென்றால் நாம் சாப்பிடும் உருளைக்கிழங்கு கிட்டத்தட்ட முழுவதும் கப்பலில் வருவது. பங்களாதேஷ் வெளிநாட்டுக்கு விற்கும் கிழங்கை அதிகம் வாங்குகிற நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கேமரன் மலைக்குப் போனால் முட்டைக்கோஸும் தக்காளியும் வழியெல்லாம் பார்க்கலாம், உருளைக்கிழங்குத் தோட்டம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. இதை நம்பாமல் அத்தை அந்த முளைவிட்ட இரண்டு கிழங்கையும் பழைய பெயின்ட் டின்னில் நட்டுவைத்தார். செடி நன்றாகத்தான் வந்தது, முழங்கால் உயரம், பச்சைப்பசேல் என்று. தினமும் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தார். பிற்பாடு தோண்டினால் கோலிக்குண்டு அளவில் மூன்று. உருளைக்கிழங்குக்கு ராத்திரியில் குளிர வேண்டும், அப்போதுதான் மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும், நம் ஊர் ராத்திரிப் புழுக்கத்தில் எல்லாம் இலைக்கே போய்விடும். அந்த மூன்றையும் அத்தை விடாமல் சாம்பாரில் போட்டார்.

சரி, நான்கு வகையையும் கொண்டுவந்து மேசையில் பரப்பியதும் பெரியவன் (படிவம் ஒன்று, பள்ளியில் அறிவியல் கழகத்தில் இருக்கிறான், அதனால் எல்லாமே சோதனை) ஒரு வேலை செய்தான். 11 கப் தண்ணீரில் ஒரு கப் உப்பைக் கரைத்து அதில் கிழங்கைப் போட்டால், மாவுக் கிழங்கு கனமாக இருப்பதால் மூழ்கும், மெழுகு மாதிரி வழவழப்பாக இருக்கிற கிழங்கு மிதக்கும். அத்தை பார்த்துவிட்டு, "உப்பு லட்சுமிடா, அதைப் போய்த் தண்ணியில கொட்டுறே" என்று சத்தம் போட்டார். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்து பார்த்தவரும் அவர்தான். ரசெட் போட்ட உடனே அடியில் போய் உட்கார்ந்தது. சீனா கிழங்கு அத்தனையும் மிதந்தது. ஹாலந்து ஒரு முடிவுக்கு வராமல் நடுவில் தொங்கியது. பங்களாதேஷ்தான் வேடிக்கை: எட்டுக் கிழங்கில் ஐந்து மூழ்கியது, மூன்று மிதந்தது. ஒரே சாக்கிலிருந்து எடுத்தவை. ஒரு சாக்குக்குள் இரண்டு குணமா என்று அப்போது அதை ஒரு குறையாகத்தான் நினைத்தேன்.

அன்று ராத்திரியே பிரட்டல். எங்கள் வீட்டுப் பிரட்டலில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிழங்கைத் தோலோடு, பச்சைத் தண்ணீரில் போட்டு, உப்புச் சேர்த்து அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளியே குழைந்து உள்ளே கடுக்கென்று நிற்கும். வெந்ததும் சூட்டோடு தோலை உரித்து, கத்தி தொடாமல் கையால் பிட்டுப் போடுங்கள். கத்தியால் நறுக்கிய துண்டுக்கு வழவழப்பான முகம், மசாலா அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், கையால் பிட்டதில் சொரசொரப்பு இருக்கும், அந்தச் சொரசொரப்பில்தான் எல்லாம் ஒட்டும். இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றி, கடுகு, உளுந்து, சோம்பு, கறிவேப்பிலை, தட்டிய பூண்டு, இரண்டு பெரிய வெங்காயம். வெங்காயம் சிவந்ததும் மஞ்சள்தூளும் இரண்டு கரண்டி கறித்தூளும். நான் போடுவது பாபாஸ் இறைச்சிக் கறித்தூள். பாக்கெட்டில் இறைச்சி என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு விரத வீட்டில் இதைப் போடலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை பதறிவிட்டார். இறைச்சிக் கறி வைப்பதற்கான தூள் அக்கா, உள்ளே மல்லியும் மிளகாயும் சோம்பும்தான் என்று சொல்லி, பாக்கெட்டைத் திருப்பி அதில் என்னென்ன இருக்கிறது என்று வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. தூள் கருகாமல் இருக்க ஒரு கை தண்ணீர் தெளித்து, பச்சை வாடை போனதும் கிழங்கைக் கொட்டி ஒரு பிரட்டு. அதோடு கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். நாலைந்து நிமிஷம் தொடவே கூடாது. அடியில் படபடவென்று ஒரு சத்தம் வரும், அப்புறம் அந்தச் சத்தம் அடங்கி ஒரு வறுத்த வாசம் வரும், அப்போதுதான் அடியைச் சுரண்டித் திருப்ப வேண்டும். அந்த அடிப்பொறுக்குக்காக எங்கள் வீட்டில் சண்டை நடக்கும்.

இங்கேதான் பங்களாதேஷ் கிழங்கு ஜெயித்தது, நான் குறை என்று நினைத்த அதே விஷயத்தால். சாக்கில் கலந்து கிடந்த மாவுக் கிழங்கெல்லாம் சட்டியில் போட்டதும் உதிர்ந்து, மசாலாவோடு குழைந்து, உடையாமல் நின்ற மற்றத் துண்டுகளின் மேல் ஒரு பூச்சாகப் படிந்துவிட்டது. ஒரே வாயில் மெத்தென்றும் இருக்கிறது, கடிக்கவும் துண்டு கிடைக்கிறது, மொறுமொறுவென்று அடியும் வருகிறது. அடுத்த நாள் சீனா கிழங்கில் அதே அளவு, அதே தூள், அதே சட்டி. துண்டு துண்டாக அழகாக நின்றது, ஆனால் மசாலா தனி, கிழங்கு தனி. ரசெட்டில் செய்தால் முழுவதும் களி. மிளகு ரசமும் பங்களாதேஷ் பிரட்டலும் போட்ட அன்று வீட்டுக்காரர் மூன்றாவது தடவை சோறு கேட்டார். 'சர்க்கரைவள்ளியா' கேள்விக்கு அதுதான் எனக்குப் பதிலாக இருந்தது. விரதம் முடியும்வரை வாரத்தில் மூன்று நாள் இதுதான், யாரும் முகம் சுளிக்கவில்லை.

பருப்புக் கறிக்கு வந்தால் கணக்கு தலைகீழ். அரைமணி நேரம் கொதித்து, ராத்திரி தோசைக்கு ஊற்றி, மிச்சத்தை மறுநாள் காலையில் சூடு பண்ணி ரொட்டிக்கும் வைத்துக்கொள்கிற கறி அது. அதற்குள் மாவுக் கிழங்கைப் போட்டால் காலையில் சட்டியில் கிழங்கைத் தேட வேண்டும், கரைந்து கஞ்சியாகியிருக்கும். சீனா கிழங்கு இரண்டாம் சூட்டுக்கும் மூலை மழுங்காமல் நிற்கிறது. மைசூர் பருப்பு பாதி வெந்ததும் கிழங்கு, கேரட், முருங்கைக்காய், கடைசியில் கத்திரிக்காய். ஒன்று மட்டும் கவனம், கிழங்கு வெந்த பிறகுதான் புளித்தண்ணீர் ஊற்ற வேண்டும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் கிழங்கு இறுகிக்கொள்ளும், எவ்வளவு கொதித்தாலும் நடுவில் கடுக்கென்று இருக்கும். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது, அடுப்பில் கேஸ் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதே விஷயத்தை வேண்டுமென்றேயும் பயன்படுத்திக்கொள்ளலாம், வீட்டில் பங்களாதேஷ் கிழங்குதான் இருக்கிறது என்றால் பாதி வெந்ததுமே கொஞ்சம் புளி விடுங்கள், கரைவது குறையும்.

ஹாலந்து கிழங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல மஞ்சள், நல்ல ருசி, ஒரு குறையும் இல்லை. அந்த விலைக்கு ஒரு விசேஷமும் தெரியவில்லை. கையில் காசு இருந்தால் வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் தேங்காய்ப்பால் சோறு. நாசி லெமாக்தான், நெத்திலியும் முட்டையும் இல்லாதது, பாண்டான் இலை முடிந்து போட்டது. அதற்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கும் தெம்பேயும் (புளிக்கவைத்த சோயாக்கட்டி) சேர்த்துச் சம்பால். கிழங்கைத் தீக்குச்சி மாதிரி நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று தடவை அலசி, மேலே ஒட்டியிருக்கும் மாவு போனதும் துணியில் ஒற்றிப் பொரிக்க வேண்டும். தெம்பேயும் அதே அளவில், நிலக்கடலை தனியாக. காய்ந்த மிளகாயை ஊற வைத்துச் சின்ன வெங்காயம், பூண்டோடு அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கொஞ்சம் புளி, ஒரு துண்டு குலா மெலாக்கா (தென்னைவெல்லம்). அடுப்பை அணைத்த பிறகுதான் பொரித்ததை எல்லாம் கொட்டிக் கிளற வேண்டும், இல்லாவிட்டால் ஐந்து நிமிஷத்தில் நமத்துப்போகும். பெலாச்சான் (இறால் விழுது) இல்லாமல் சம்பாலா என்று ஆபீஸில் என் மலாய்த் தோழி சிரித்தாள், டிபன் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்ததும் செய்முறை கேட்டாள். இந்தச் சம்பாலுக்கு நான் இரண்டு கிழங்கையும் சோதித்துவிட்டேன். சீனாவும் நன்றாக மொறுமொறுக்கிறது, பங்களாதேஷும் மொறுமொறுக்கிறது, வித்தியாசம் சொல்ல முடியவில்லை. முதல் வாரத்துக் குளிர்பெட்டிக் கிழங்கில் இதைச் செய்திருந்தால் கரித்துண்டுதான் வந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு மசித்தது வேண்டும். வறுத்த கோழி விற்கும் கடையில் சின்ன டப்பாவில் குழம்போடு தருவார்களே, அதற்கு ஏங்கிப்போயிருந்தார்கள். இதற்கு ரசெட்டை அடிக்க ஆளில்லை, விலையும் அப்படித்தான், ஆனால் நாலு பேருக்கு மூன்று கிழங்கு தாராளம். பாலைச் சூடு பண்ணி ஊற்றுங்கள், வெண்ணெய் கொஞ்சம், உப்பு. முள்கரண்டியால் மசியுங்கள், மிக்ஸியில் போடாதீர்கள். நான் போட்டேன். அரை நிமிஷம்கூட ஓடவில்லை, தேர்தல் நேரத்தில் சுவரில் போஸ்டர் ஒட்டும் பசை மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. கத்தி வேகமாகச் சுற்றும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்தெல்லாம் உடைந்து வெளியே வந்து பசையாகிவிடுகிறது. குழம்புக்குக் காளானை வதக்கி, இடித்த மிளகு, கருப்புக் கிச்சாப் (சோயா சாஸ்), கொஞ்சம் சோளமாவு. சின்னவள் அதன் நடுவில் குழி பண்ணிக் குழம்பை நிறைத்து, கரை உடையாமல் ஓரத்திலிருந்து தின்று வருவாள். மீந்ததில் மறுநாள் பச்சைமிளகாய், வெங்காயம், மல்லித்தழை போட்டு உருட்டித் தோசைக்கல்லில் தட்டிச் சுட்டேன், அது இன்னும் நன்றாக இருந்தது.

அத்தை இந்த மசித்த கிழங்கைத் தொடவில்லை. "நோயாளி சாப்பாடு" என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் பிரட்டல் அன்று மட்டும் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவார், சாப்பிட்டுக்கொண்டே அவருடைய அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அந்தப் பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து லயத்தில் இருந்த சின்னப் பெண். அரிசி கிடைக்காமல் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கையே தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தவர்களில் ஒருவர். போர் முடிந்து அரிசி வந்த பிறகு கடைசிவரை மரவள்ளியை வீட்டு வாசலுக்குள் விட்டதில்லையாம், யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தால்கூட வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவாராம். உருளைக்கிழங்கு என்றால் மட்டும் தனி மரியாதை. தோட்டக் கடையில் கணக்குப் புத்தகத்தில் எழுதி அரைக்கட்டி வாங்குவார்கள், ஒரு கட்டி என்பது 600 கிராம் சொச்சம், அதில் பாதி என்றால் எத்தனை கிழங்கு வந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் இருந்த வீடு. ஆளுக்கு ஒரு துண்டு. அத்தை இன்றைக்கும் பிரட்டலைத் தட்டில் வாங்கியதும் முதலில் துண்டுகளை எண்ணுகிறார், தனக்கே தெரியாமல்.

தவுக்கே சாக்கை ஏன் இருட்டு மூலையில் வைத்திருக்கிறார் என்று சொல்ல மறந்துவிட்டேன். வெளிச்சம் பட்டால் உருளைக்கிழங்கு பச்சை நிறம் ஏறும். அந்தப் பச்சை வெறும் இலையின் நிறம்தான், ஆனால் அதோடு சேர்ந்து சோலனின் என்கிற கசப்பு நஞ்சும் கூடும், வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. சின்னதாகப் பச்சை இருந்தால் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கலாம், பாதிக் கிழங்கு பச்சை என்றாலோ வாயில் வைத்ததும் கசந்தாலோ முழுவதையும் போட்டுவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள். கழுவிய கிழங்கு டியூப்லைட்டுக்குக் கீழே நாள் முழுக்கக் கிடந்தால் எவ்வளவு வெளிச்சம் படும்? மண்ணும் கோணியும் இருட்டு மூலையும் பார்க்க அழுக்காக இருந்தாலும் கிழங்குக்கு அதுதான் போர்வை. வீட்டிலும் இப்போது நான் மாற்றிவிட்டேன், அடுப்பு மேடைக்குக் கீழே மூங்கில் கூடையில் கிழங்கு, வெங்காயம் அடுத்த பக்கம். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே சீக்கிரம் கெடும்.

கடையைப் பற்றிக் குறையும் சொல்ல வேண்டும் இல்லையா. கார் நிறுத்த இடம் கிடையாது, மோட்டாரில் போவது நல்லது. சாக்கின் மேல்பக்கம் புதுசு, அடியில் போன வாரத்துப் பழசு இருக்கும், தவுக்கேயிடம் விட்டால் அவர் அடியிலிருந்துதான் அள்ளுவார், கேட்டால் சிரிப்பார், ஆகவே நீங்களே குனிந்து பொறுக்குங்கள். கட்டைவிரலால் தோலை ஒரு தேய் தேய்த்தால் புதுக் கிழங்கு மெல்லிய தாளாக உரியும், பழசு ரப்பர் மாதிரி அமுங்கும். மண்ணுக்கும் சேர்த்துத்தான் எடை, கிலோவுக்கு ஒரு சின்னக் கிழங்கு அதில் போய்விடுகிறது என்று வீட்டில் கழுவி நிறுத்துப் பார்த்தேன், அப்படியும் பேரங்காடிக் கிழங்கில் கிட்டத்தட்டப் பாதி விலைதான். இன்னொன்று, பங்களாதேஷில் அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தைப்பூசத்தை ஒட்டி நமக்கு நல்ல கிழங்கு கிடைத்ததற்கு அது காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகு வருஷம் போகப் போக வருவது அங்கே குளிர்கிடங்கில் இருந்த கிழங்காக இருக்கும், தீபாவளி நேரத்தில் இதே கிழங்கை வறுத்துவிட்டு நான் குறை சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

காவடி நல்லபடியாக இறங்கியது. விரதம் முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பசாரிலிருந்து கோழி வாங்கி வந்து கையில் கொடுத்த வீட்டுக்காரர், வாசற்படியைத் தாண்டியவர் திரும்பி வந்து, "உள்ளே நாலு கிழங்கு போடு" என்றார். சீனா கிழங்கு போட்டேன், ஐந்து.